லைட் கேஜ் ஸ்டீல் வீட்டுக்கு எக்ஸ் ஸ்ட்ராப் மட்டும் போதுமா?

சிஸ்டட்90:
மெல்லிய ஸ்டீல் தகட்டுச் சட்டக வீடு, இரண்டு தளம், 90 மி.மீ. சி-ஸ்டட் (சி வடிவ நிற்கும் சட்டம்). 2.7 மீ. அகலமும் அதே உயரமும் உள்ள சுவர்களில் 100 × 1.2 மி.மீ. எக்ஸ் ஸ்ட்ராப் (மூலைக்கு மூலை குறுக்கே கட்டும் தகட்டுப் பட்டை), நீளத் தொடங்கும் வலிமை 230 எம்பிஏ உள்ள ஸ்டீல். நுனியில் வரிசைக்கு 5 வீதம் 4.8 மி.மீ. ஸ்க்ரூ, 3 வரிசை. மூலையில் 20 கிலோநியூட்டன் ஹோல்டவுன் (சுவர் மூலை எழும்பாமல் அஸ்திவாரத்தோடு பிடிக்கும் இரும்பு). உள்பக்கம் ஜிப்சம் போர்டு. "எடை கம்மி, நிலநடுக்கம் ஒன்றும் பண்ணாது" என்கிறார் கட்டுபவர். நம்பலாமா?

சுமைக்கணக்கு:
எடை குறைந்தால் விசை குறையும், உண்மைதான். வெளியே செங்கல் முகப்பு வைத்தால் அந்த லாபம் போச்சு. ஆனால் இவ்வகை வீடுகளில் ஆபத்து இணைப்பில்தான்.

ஸ்ட்ராப்தான் முதலில் யீல்ட் ஆகி (அறுபடாமல், நிரந்தரமாக) நீள வேண்டும், மற்றதெல்லாம் அதைத் தாங்கி நிற்க வேண்டும். 230 எம்பிஏ ஸ்டீல் நிஜத்தில் அதைவிட வலுவாகவே வரும். அமெரிக்க விதி 1.5 மடங்கு என்று எடுக்கிறது. 100 × 1.2 × 230 × 1.5 = 41.4 கிலோநியூட்டன். நுனியில் 5 துளை போனால் மிஞ்சுவது 76 மி.மீ.; இழுவலிமை (அறும் வலிமை) 310 எம்பிஏ, அதற்கும் 1.2 மடங்கு கொடுத்தால்கூட 33.9தான். நீளுவதற்கு முன்பே ஸ்க்ரூ வரிசையில் கிழிந்துவிடும்.

நுனியை 100ஆகவே விட்டு நடுப்பகுதியை 70 மி.மீ. ஆக்கிப் பாருங்கள்: 29 கிலோநியூட்டனில் நடுவே நீளும், நுனி தப்பிக்கும். 70 மி.மீ. உங்கள் வடிவமைப்பு விசைக்குப் போதுமா என்பதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். அப்போதும் 45 பாகையில் மூலையின் மேலிழுப்பு 20.5 கிலோநியூட்டன். மேல்தளச் சுவர் நேர் மேலே நின்றால் அதன் இழுப்பும் சேரும். 20 ஹோல்டவுன் போதாது.

தகடுமடிப்பு:
தொய்வையும் பாருங்கள். விரலால் தட்டினால் ஸ்ட்ராப் படபடத்தால், சுவர் கொஞ்ச தூரம் தடையில்லாமல் ஓடிப் பிறகு வெடுக்கென்று இழுபடும். அந்த உலுக்கல் ஸ்க்ரூவையும் ஸ்டட்டையும் தாக்கும். ஒருமுறை நீண்ட பட்டை பழைய நீளத்துக்குத் திரும்பாது, அடுத்த ஆட்டத்தில் தொய்வு இன்னும் கூடும்.

இடம் இருந்தால் மரப் பலகை அல்லது ஸ்டீல் தகடு போர்த்திய ஷியர் வால் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்) இன்னும் நல்லது. ஏஎஸ்சிஇ 7 என்ற அமெரிக்கச் சுமை விதியில் அதற்கு ஆர் மதிப்பு (நிலநடுக்க விசையை எத்தனை பங்கு குறைத்து வடிவமைக்கலாம் என்ற எண்) 6.5, ஸ்ட்ராப் சுவருக்கு 4. ஓரத்தில் 150 மி.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, பலகை விளிம்பிலிருந்து குறைந்தது 10 மி.மீ. தள்ளி. தலை பலகைக்குள் புதைந்தால் அந்த ஸ்க்ரூவை நம்ப வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று போடுங்கள்.

சிஸ்டட்90:
ஜிப்சம் போர்டைக் கணக்கில் சேர்க்கலாமா?

சுமைக்கணக்கு:
வலிமைக்குச் சேர்க்காதீர்கள். விறைப்பு கூடுவது நிஜம்: 2013-இல் பஃபலோ பல்கலைக்கழக அதிர்வு மேடையில் ஆட்டிய இரண்டு தள ஸ்டீல் கட்டடம் போர்டு, பூச்சு எல்லாம் முடிந்தபின் மிக விறைப்பாகியது, தள நகர்வு உயரத்தில் 1 விழுக்காட்டுக்கும் கீழே. ஆனால் அந்தச் சுவர்களில் ஹோல்டவுன் ஒழுங்காக இருந்தது. உங்களுடையதில் போர்டு மூடும் முன் ஒவ்வொரு ஹோல்டவுன் நட்டையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். விரலால் திரும்பினால் அந்த மூலை தரையை விட்டு எழும்பும்.