ரோட்டோஸ்கோப்பிங்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.
காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கான பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நார்வேயின் ஆ-ஹா குழு பாடிய 'டேக் ஆன் மீ'க்கு ஸ்டீவ் பேரன் இயக்கிய 1985ஆம் ஆண்டுக் காணொளிதான் அதில் எடுத்துக்காட்டு. நடிகர்களைப் படம்பிடித்து, அந்தப் படத்தின் மேல் சட்டகம் (ஃபிரேம்) சட்டகமாகப் பென்சிலால் வரைந்தார்கள். ஏறத்தாழ 3,000 சட்டகங்கள், 16 வாரங்கள். இந்த முறைக்கு 'ஒற்றுவரைவு' என்று போட்டிருக்கிறேன். சரியா?
– க.

•

க. அம்மா,
ஒற்று என்றால் உளவு. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். ஆக, ஒற்றன் வீட்டுக் கல்யாணம்! 'அடியொற்றோவியம்' என்று வையுங்கள். நடிகரின் அசைவை ஓவியம் அடியொற்றிச் செல்கிறது அல்லவா?
– பொ.

•

பொ. ஐயா, அதைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். என் மாணவர்களுக்கு அது 'ரோட்டோ', அவ்வளவுதான். அப்புறம், இன்றைய விஎஃப்எக்ஸ் (கணினிக் காட்சி விளைவு) கூடங்களில் ரோட்டோ என்றால் வரைவதே இல்லை. ஓர் உருவத்தின் விளிம்பைச் சட்டகம் சட்டகமாகப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பார்கள். அங்கே எதை ஒற்றுவது, எதை அடியொற்றுவது?
– சு.

•

அசைபடக் கலைஞர் மேக்ஸ் ஃபிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற கருவியின் பெயர் ரோட்டோஸ்கோப். ரோட்டோ என்றால் சுழல், ஸ்கோப் என்றால் நோக்கி. நுண்ணோக்கி, தொலைநோக்கி வரிசையில் 'சுழல்நோக்கி' ஏன் கூடாது?
– இள.

•

எது சுழல்கிறது, தம்பி? படத்தைக் கண்ணாடியில் வீழ்த்தி அதன்மேல் வரைந்தார் ஃபிளைஷர்.
– பொ.

•

க. அம்மா, இன்னொன்று. 'சிங்கிள்' (தொகுப்பாக இல்லாமல் தனியே வெளியிடும் பாட்டு) என்பதைப் பாடத்தில் 'தனிப்பாடல்' ஆக்கியிருக்கிறீர்கள். அது காளமேகத்தின் சொத்து! 1984இல் வெளிவந்து எடுபடாமல், திரும்பப் பதிவு செய்து, இந்தக் காணொளியோடு வந்த பிறகே அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. தனியாக விட்டபோது ஓடவே இல்லை!
– மு.

•

மு. சொல்வது இருக்கட்டும். காணொளியை நேற்று மறுபடி பார்த்தேன். சித்திரக்கதைத் தாளிலிருந்து பென்சில் கை நீண்டு, உணவகத்தில் இருக்கும் பெண்ணை உள்ளே அழைக்கிறது. உள்ளே எந்தக் கோடும் நிலையாக நிற்பதில்லை. ஒவ்வொரு சட்டகத்தையும் புதிதாக வரைந்ததால் முடி, சட்டை மடிப்பு எல்லாம் துடிக்கின்றன. ஒற்றி எடுத்திருந்தால் இப்படித் துடிக்காது. ஆகவே எனக்கு ஒற்றும் வேண்டாம், அடியொற்றும் வேண்டாம். 'படமேல்வரைவு'?
– சு.

•

'மேல்வரைவு' என்றால் மறுமணமா?
– பொ.

•

மாலைக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். நால்வர் 'ரோட்டோ வரைவு' போதும் என்று தனிமடலில் எழுதிவிட்டார்கள், அதையே போடுகிறேன். தனிப்பாடல் அப்படியே இருக்கட்டும், மாற்ற நேரமில்லை.
– க.

•

பாதி லத்தீன், பாதி தமிழ். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'சட்டகம்' பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.
– பொ.