காட்டெலிகளுக்குத் 'தேக்கி உயிரினம்' என்னும் சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'reservoir host' எனப்படுவதற்கு நம் சொல்லகராதியில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்னும் விவாதத்தில் என் கருத்து இது.

மனிதரைத் தாக்கும் வைரஸ்களை இயல்பாகவே தம் உடலில் வைத்திருக்கும் காட்டெலிகளை 'நோய்கடத்தி' என்று எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அச்சொல் கொசுவுக்கும் உண்ணிக்கும் நிலைத்துவிட்டது. ஹான்டா வைரஸைக் கொண்ட எலி தான் நோயுறாமலே சிறுநீர், புழுக்கை, உமிழ்நீர் வழியாக அதை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. நெடுநாள் பூட்டிக்கிடந்த நெற்கிடங்கைத் திறந்து பெருக்குகிறவர் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும், தொற்றிக்கொள்ளக்கூடும். 1969-இல் நைஜீரியாவில் அறியப்பட்ட லாசா வைரஸும் அவ்வாறே ஓர் எலியினத்தில் தங்கி வாழ்கிறது.

வைரஸ் உறையும், அதாவது தங்கும், உயிர் என்ற பொருளில் முன்மொழியப்பட்ட 'உறையுயிர்' செவிக்கு இனிமையானதுதான். ஆனால் வைரஸின் மேலுறையையும் 'உறை' என்றே எழுதுகிறோம். ஹான்டா, லாசா இரண்டுமே உறையுள்ளவை என்பதால் குழப்பம் உறுதி. 'தேக்குயிர்' என்றாலோ தேக்கு மரந்தான் நினைவுக்கு வரும்.

'தேக்கி' அப்படியன்று, மின்தேக்கி (capacitor) வழியாக நமக்குப் பழகிய சொல். நீரைத் தேக்கும் ஏரியோடு ஒப்பிட்டாலும் பொருள் விளங்கும். ஏரி நிரம்பிக் கிடப்பதால் ஏரிக்குக் கேடில்லை, கோடி போகும்போதுதான், அதாவது நிரம்பி வழியும்போதுதான், ஊருக்குள் தண்ணீர் வருகிறது என்பதைப் பெரிய ஏரியை உடைய காவேரிப்பாக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. அதனுடன் 'உயிரினம்' சேர வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: தனி எலி சிறிது காலத்தில் மடிந்துவிடும், குட்டிகளுக்கும் கூட்டாளிகளுக்கும் பரவிப் பரவி வைரஸைக் காப்பது அந்த இனமே.

'தேக்கெலி' என்று சுருக்கலாமே என்பவர்களுக்கு நம்மூரிலேயே மறுப்பு இருக்கிறது. 1964-இல் வேலூர்த் தொட்டப்பாளையத்தில் பிடிபட்ட மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ், தொட்டப்பாளையம் வைரஸ் என்றே உலகெங்கும் வழங்குகிறது. கொரியாவின் ஹான்டான் ஆற்றின் பெயரைப் பெற்ற வைரஸ் வயலெலியில் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முந்தையது இது. ஹான்டா வகையைச் சேர்ந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. மூஞ்சூறு பார்வைக்கு எலி போலிருந்தாலும் கொறிக்கும் விலங்கு அன்று, பூச்சி தின்பது. அவ்வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவும் இல்லை. ஆகவே 'எலி', 'நோய்' இரண்டையுமே சொல்லுக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

சொல்லகராதியில் 'தேக்கி உயிரினம்' என்று பதிவோம். கட்டுரைக்குள் 'தேக்கி' என்று சுருக்கிக்கொள்ளலாம். மின்தேக்கியோடு மயங்கும் இடங்களில் மட்டும் முழுச்சொல்லை எழுதினால் போதும்.