த்ரொட்னிங்ஹோம் அரண்மனை நாடகசாலை: பகலில் சுற்றிப் பார்ப்பதா, மாலையில் ஓபரா பார்ப்பதா?

பயணப்பை:
வருகிற ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் நான்கு நாள் தங்குகிறோம். எழுபது வயதைக் கடந்த அம்மாவும் ஒன்பது வயது மகளும் உடன் வருகிறார்கள். அதில் ஒரு நாளை த்ரொட்னிங்ஹோம் அரண்மனைக்கும் அங்குள்ள 1766ஆம் ஆண்டின் நாடகசாலைக்கும் ஒதுக்கியிருக்கிறேன். பகலில் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம்; அல்லது கோடையில் மட்டும் நடக்கும் ஓபராவுக்கு மாலையில் போகலாம். ஓபராவுக்குச் செலவு பல மடங்கு அதிகம் என்பதால் முன்பே போய் வந்தவர்களின் கருத்தைக் கேட்கிறேன்.

படுதா:
தயங்காமல் ஓபராவுக்குப் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் ஒரு பெரிய பண்ணைக் கிடங்கைப் போலத்தான் இருக்கும். உள்ளேயும் பளிங்கு போலத் தெரிவது வண்ணம் பூசிய பூச்சு. சிற்ப வேலை போலத் தெரிவதில் பெரும்பகுதி காகிதக்கூழ். கட்டடக் கலைஞர் அடெல்கிரான்ட்ஸ் குறைந்த பணத்தில் செய்த கண்கட்டு வித்தை அது. அதன் உயிர் இருப்பது மேடைக்கு அடியில். கப்பலில் நங்கூரத்தை இழுக்கும் சுழல்மரம் போன்ற ஒன்றைப் பணியாளர்கள் தள்ளிச் சுற்றுகிறார்கள். வடங்கள் இறுகுகின்றன, நம் நாடகக்காரர்கள் ‘சைடு விங்’ என்று சொல்லும் பக்கத் தட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போக, வேறு தட்டிகள் வெளியே வருகின்றன. தோட்டம் சில நொடிகளில் சிறைச்சாலை ஆகிவிடுகிறது. திரையை இறக்காமல், நம் கண் முன்னாலேயே இது நடக்கிறது. அந்த நொடியில் மரம் முனகும் ஓசையைக் கேட்காதவர் அந்த அரங்கைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நடைவழி:
நண்பர் படுதாவின் ஆர்வம் புரிகிறது. ஆனால் கேள்வி கேட்டவருடன் யார் வருகிறார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. அரங்கில் இருப்பவை சாய்வு போதாத மரப் பெஞ்சுகள். ஏறத்தாழ நானூறு பேர் அடைத்து உட்காரும் அந்தப் பழைய மரக்கூடம் கோடை மாலையில் புழுங்கும். பாட்டு இத்தாலியத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும். இடைவேளையையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் ஆகலாம். ஒன்பது வயதுக் குழந்தை முதல் காட்சி மாற்றத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும், பிறகு தூங்கிவிடும். பகல் சுற்றில் அரசரும் அரசியும் அமர்ந்த முன்வரிசையையும், அதன் பின்னால் அவரவர் தகுதிப்படி இடம் வகுத்த பெஞ்சுகளையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஓர் அரசவை எப்படி அடுக்கடுக்காக உட்கார்ந்தது என்பதை அந்தப் பெஞ்சுகளே சொல்லிவிடும். காலையில் நகரமன்றத்தின் அருகிலிருந்து புறப்படும் படகில், மேலாரன் ஏரி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். திரும்பும்போது பேருந்தில் புரொம்மாபிளான் வந்து சுரங்க ரயில் ஏறினால் நேரம் மிச்சம்.

மரத்தச்சு:
இருவரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த அரங்கு தப்பியதே யாரும் பயன்படுத்தாததால்தான். சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1792இல் முகமூடி விருந்தில் சுடப்பட்டு இறந்த பிறகு இது கைவிடப்பட்டுக் கிடங்காகக் கிடந்தது. 1921இல் ஆக்னே பெய்யர் என்ற நூலகர் ஓர் ஓவியத்தைத் தேடி உள்ளே போனபோது, தூசுக்கு அடியில் ஏறத்தாழ எல்லாமே இருந்த இடத்தில் இருந்தன. 1991இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அரண்மனை வளாகம் இது. செக் நாட்டின் செஸ்கி குரும்லோவ் கோட்டையிலும் ஏறத்தாழ இதே வயதுடைய அரங்கு உண்டு. அங்கே மிக அரிதாகவே நாடகம் போடுகிறார்கள். அதுவே முறை. ஒவ்வொரு கோடையிலும் நானூறு பேரின் மூச்சும் வியர்வையும் அந்த மரத்துக்கு ஆகாது.

படுதா:
மரத்தச்சு ஐயா, பாதி வரலாற்றை மட்டும் சொல்கிறீர்கள். பெய்யர் கண்டுபிடித்த மறு ஆண்டே, 1922 ஆகஸ்டில், வடங்களை மாற்றி மின்விளக்கு போட்டு மேடையை மறுபடி திறந்துவிட்டார்கள். நாடகம் நடந்துகொண்டேதான் நூறு ஆண்டுகள் கடந்திருக்கின்றன. மூலத் தட்டிகளையும் திரைகளையும் பத்திரப்படுத்திவிட்டு, அவற்றின் நகல்களையே மேடையில் ஏற்றுகிறார்கள். மெழுகுவத்தி கிடையாது, அதைப் போல நடுங்கும் மின்விளக்குகள்தான். கற்கள் நிறைந்த பெட்டியைச் சாய்த்து இடி உண்டாக்குவதை எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டுவீர்கள்?

மரத்தச்சு:
நகல் தட்டிகள் பற்றிய தகவலை ஏற்கிறேன். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் சுவரும் தரையும் கூரையும் நகல் அல்லவே. அந்தக் கூடத்துக்குச் சூடேற்றும் ஏற்பாடு எதுவும் இல்லாததால் குளிர்காலம் முழுதும் அது ஓய்வெடுக்கிறது என்பது மட்டுமே எனக்குள்ள ஆறுதல்.

பயணப்பை:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இந்த விவாதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “விடிய விடியத் தரையில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தவளுக்கு மூன்று மணி நேரப் பெஞ்சு ஒரு பெரிய விஷயமா?” என்று கேட்டார். அவரைப் பற்றி நாம் இவ்வளவு பேசினோமே தவிர, அவரிடம் நான் கேட்கவே இல்லை. ஆகவே பகலில் மூவரும் சுற்றிப் பார்ப்போம். பிறகு நான் மகளுடன் பூங்காவிலேயே இருந்துவிட்டு அறைக்குத் திரும்புவேன். மாலை ஓபராவுக்கு அம்மாவும் என் மனைவியும் போகிறார்கள்.

நடைவழி:
அப்படியானால் இரண்டு சிறு தலையணைகளைக் கொண்டுபோகச் சொல்லுங்கள், கை விசிறியும் ஒன்று. நுழைவுச்சீட்டு எடுக்கும்போது நடைபாதையை ஒட்டிய இடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓரமாக மிகவும் ஒதுங்கிய இடங்களில் மேடையின் ஒரு பக்கம் மறைந்துவிடும். திரும்பும் பேருந்தின் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

படுதா:
காட்சி மாறும்போது பாடகரைப் பார்க்காமல் தட்டிகளைப் பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.