‘ஆதாமின் ஆப்பிள்’ வேண்டாம்: குரல்வளை முகடு

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் தொகுக்கும் குரல்வளைக் குருத்தெலும்புகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், தொண்டையின் முன்பக்கம் துருத்தும் மேட்டைக் குறிக்கும் ‘ஆதாமின் ஆப்பிள்’ (Adam's apple) என்பதை அப்படியே விட்டுவிடலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தக்கலையில் உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு வகுப்பில், தொண்டையில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள் என்றேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, “எங்களுக்குத்தான் அது கிடையாதே, டீச்சர்” என்றாள். அவள் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன். விழுங்கினாள். விரலடியில் அது ஏறி இறங்கியதும் அவள் கண்கள் விரிந்தன. பெயரில் ஆதாம் இருக்கும்வரை இந்தத் தவறான எண்ணம் போகாது.

என் பரிந்துரை ‘குரல்வளை முகடு’.

கேடயக் குருத்தெலும்பின் (தைராய்டு குருத்தெலும்பு) இரண்டு தகடுகளும் முன்பக்கம் கூடும் விளிம்பைத்தான் நாம் தொட்டுப் பார்க்கிறோம். கூடும் கோணம் ஆண்களுக்கு ஏறத்தாழ 90 பாகை, பெண்களுக்கு ஏறத்தாழ 120 பாகை. ஓட்டு வீட்டில் இரண்டு சரிவுகள் கூடும் இடத்தை முகடு என்றுதானே சொல்கிறோம்? கோணம் குறுகினால் முகடு கூர்மையாகி ஓங்கும், பத்மநாபபுரம் அரண்மனையில் பார்க்கிறோமே, அதைப்போல. விரிந்தால் தாழும். தாழ்ந்த கூரைக்கும் முகடு உண்டு.

அளவுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. உடற்கூற்றியல் நூல்கள் நெடுங்காலமாகத் தரும் சராசரிப்படி, குரல்வளையின் குறுக்களவு ஆண்களுக்கு 43 மி.மீ., பெண்களுக்கு 41 மி.மீ. வெறும் 2 மி.மீ. வேறுபாடு. முன்பின் அளவோ 36-க்கு 26. சுவருக்குச் சுவர் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான், கூரைதான் ஓங்கியிருக்கிறது! உள்ளே முன்பின்னாக இழுத்துக் கட்டியிருக்கும் குரல் நாண்களும் அதற்கேற்ப நீள்கின்றன: ஆண்களுக்கு 17 முதல் 25 மி.மீ., பெண்களுக்கு 12.5 முதல் 17.5 மி.மீ. வரை. பருவ வயதில் பையன்களின் குரல் தடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘முகடு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் இத்தனையையும் கரும்பலகையில் ஒரே படத்தில் விளக்கிவிடலாம்.

இதற்குச் ‘சங்கு’ என்ற பெயரைச் சொன்னவருக்கு: எனக்கும் அது பிடித்த சொல். ஆனால் ‘சங்கைப் பிடித்து நெரித்தான்’ என்னும்போது தொண்டை முழுவதையும் குறிக்கிறோம். ஒரு விளிம்பை அது சுட்டாது. ‘புடைப்பு’ பொருளளவில் சரிதான். ஆனால் மருத்துவர் வாயிலிருந்து அதைக் கேட்கும் நோயாளி, கட்டி வந்துவிட்டது என்று கலங்கிப்போவார்.

முகடு கிளைக்கவும் செய்கிறது. தகடுகளின் கோணம் ‘முகட்டுக் கோணம்’, மேல்விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளம் ‘முகட்டுப் பள்ளம்’. ‘கேடயம்’ இருக்கட்டும், தைராய்டு என்ற கிரேக்கப் பெயருக்கும் அதுதான் பொருள். குரல் நாண்களின் பின்முனை பற்றியிருக்கும் அரிட்டினாய்டு குருத்தெலும்புக்கு ‘அகப்பைக் குருத்தெலும்பு’ என்று முன்மொழிந்தவருக்கும் என் முழு ஆதரவு உண்டு.

மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.