முதல் மான் வேட்டை: சுடும் தூரம் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சட்டம் அனுமதிக்கும் பருவத்தில், உரிய உரிமத்துடன் முதன்முறையாக மான் வேட்டைக்குச் செல்லவிருக்கிறேன். பாதுகாப்புப் பயிற்சி முடிந்துவிட்டது. ஆரஞ்சு மேலாடையும் முதலுதவிப் பெட்டியும் தயார். என்னை உறுத்துவது சுடும் தூரம்தான்.

மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, மான் உருவம் வரைந்த அட்டையை 100 மீட்டரில் சுடும்போது குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. ஆனால் மேடேறி மூச்சு வாங்க மண்டியிட்டுச் சுட்டால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றுப் பக்கம் நழுவிவிடுகிறது. வயிற்றில் குண்டு பாய்ந்த விலங்கு பல மணி நேரம் துடிக்க நேரிடும் என்பதால், இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தில் உறுதியாகச் சுட முடியாத தூரத்திலும், குண்டைத் தாங்கும் மண்மேடு விலங்குக்குப் பின்னால் இல்லாத இடத்திலும் விசையைத் தொடுவதே இல்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

அனுபவமுள்ளவர்கள் தங்களுக்கான தூர எல்லையை எப்படி வகுத்துக்கொண்டீர்கள்? துப்பாக்கியைத் தாங்க ஊன்றுகோல் வைத்துக்கொள்வது உண்மையில் கைகொடுக்குமா? காயம்பட்ட மான் ஓடி மறைந்தால், குண்டு பட்ட இடத்தைப் பொறுத்து எவ்வளவு நேரம் காத்திருந்து இரத்தத் தடத்தைப் பின்தொடர வேண்டும் என்பதையும் தயவுசெய்து விளக்குங்கள்.