நிறந்தாங்கி: இரு உயிர்களுக்கு ஒரே சொல் போதுமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

உயிர்களின் உடலில் நிறத்தைக் காட்டவும் மறைக்கவும் வல்ல நுண்ணிய அமைப்பாகிய குரோமற்றோஃபோர் என்பதற்கு, நம் குழுவில் ஐயா சென்ற மடலில் முன்மொழிந்த 'நிறந்தாங்கி', கிரேக்க மூலத்தின் பொருளை அப்படியே தருவதால், பொதுச்சொல்லாக நிலைக்கத் தக்கது. ஆயினும் பேய்க்கணவாய்க்கும் (ஒக்டோபஸ்) நண்டுக்கும் அந்த ஒன்றையே வழங்கினால், வெவ்வேறான இரண்டு பொறிமுறைகள் மாணவர் மனத்தில் ஒன்றாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

பேய்க்கணவாயின் தோலில் இருப்பது வெறும் கலம் (செல்) அன்று. அது ஓர் உறுப்பு. நிறப்பொருள் நிறைந்த, இழுபடக்கூடிய நுண்ணிய பையொன்றைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரைகள் போலத் தசைநார்கள் பொருந்தியுள்ளன. மூளையிலிருந்து வரும் நரம்புகள் அத்தசைகளை நேரே இயக்க, அவை சுருங்கும்போது பை நாற்புறமும் இழுபட்டு விரிந்து நிறம் வெளிப்படுகிறது. அவை தளர்ந்ததும் பை மீண்டும் சிறு புள்ளியாக ஒடுங்குகிறது. ஒரு நொடிக்குள் உடல் முழுவதும் நிறம் மாறுவது இதனாலேயே. மற்றக் கணவாய்களுக்கும் இதே அமைப்புத்தான் என்பதால், பிடிபட்டு வள்ளத்தில் கிடக்கும் கணவாயின் மேல் நிறம் அலையலையாக ஓடுவதைக் எங்கள் திருகோணமலைக் கொட்டியாரக்குடாவில் பார்த்தவர்களுக்கு இதை மிகுதியாக விளக்க வேண்டியதில்லை.

நண்டிலும் இறாலிலும் இருப்பதோ கிளைவிட்ட கலம். அதன் உருவம் மாறுவதில்லை. உள்ளிருக்கும் நிறமணிகள் கிளைகளுக்குள் பரவினால் நிறம் அடர்கிறது, நடுவே திரண்டால் வெளிறுகிறது. அவற்றை நகர்த்துபவை கண்காம்பிலிருந்து குருதியில் கலக்கும் ஓமோன்கள் (ஹார்மோன்கள்). அவற்றுள் ஒன்று, செந்நிற மணிகளைத் திரளச் செய்வது, 8 அமினோ அமிலங்களால் ஆனது என்று 1972இல் அறியப்பட்டது. குருதிவழிச் செய்தி ஆகையால் மாற்றம் மெதுவாகவே நிகழ்கிறது. சேற்றுக்கரைகளில் ஒற்றைக் கொடுக்குப் பெருத்துத் திரியும் சிறு நண்டுகள் பகலில் கருத்து இரவில் வெளிறுகின்றன. அவற்றை இருட்டிலேயே வைத்திருந்தாலும் அந்த நாளொழுங்கு தொடர்கிறது.

(அவிக்கும்போது நண்டு சிவப்பதை இதனோடு சேர்க்கலாகாது. வெப்பத்தால் புரதம் சிதைந்து, அதனோடு பிணைந்திருந்த அஸ்டாசாந்தின் என்னும் நிறப்பொருள் தன் செந்நிறத்தைக் காட்டுவதே அது.)

ஆகவே நிறந்தாங்கியைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, கணவாய் இனத்துக்கு 'நிறப்பை' என்றும், நண்டு இறால் இனத்துக்கு 'நிறக்கலம்' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. கணவாய் வெட்டுபவர்கள் மைப்பை என்று ஏற்கெனவே சொல்வதால் நிறப்பை அவர்கள் காதுக்கும் அந்நியமாகாது. தமிழகத்து நண்பர்களுக்குக் 'கலம்' பாத்திரத்தையோ மரக்கலத்தையோ நினைவூட்டலாம். அங்கு வழங்கும் 'உயிரணு'வை ஒட்டி 'நிறவணு' என்றாலோ இங்குள்ள மாணவர் வேதியியல் அணுவை எண்ணுவர். 'நிறச்செல்' என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எனினும் இரு கரைக்கும் பொருந்தும் வேறு சொல் குழுவில் எவரிடமேனும் இருந்தால், நிறக்கலத்தை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். நிறப்பையை மட்டும் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.