கவுன்சிலர் மறுபடியும் நிற்கிறாராம்: இன்னொரு ஐந்து வருடம் கொடுக்கலாமா, வேண்டாமா?

வார்டுவாசி:
சென்னை மாநகராட்சியின் இப்போதைய மாமன்றத்துக்கு 2027 மார்ச்சோடு ஐந்து வருடம் முடிகிறது. எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா மறுபடியும் நிற்கப் போவதாக இப்போதே கோயில் வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்தக் கட்சி, எந்த வார்டு என்பதை விட்டுவிடுங்கள், அதைச் சொன்னால் பேச்சு வேறு எங்கேயோ போய்விடும்.

நான் போடலாம் என்கிற பக்கம். முதல் இரண்டு வருடம் அவருக்கு எது யாருடைய வேலை என்று தெரிந்துகொள்ளவே சரியாகப் போனது. சாக்கடை பொங்குகிறது என்று போன் செய்தால் மாநகராட்சி உதவிப் பொறியாளரைப் பிடிப்பார், அவர் அது குடிநீர் வாரியம் என்று கையை விரிப்பார். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் வாரியத்துடையது, தெருவிளக்கு மாநகராட்சி, அதற்குப் பக்கத்திலேயே தொங்குகிற ஒயர் மின்வாரியம். இதெல்லாம் நமக்கே பாதி தெரியாது. சமீபத்தில் எங்கள் தெருமுனையில் மேன்ஹோல் மூடி உடைந்துபோய், ஒரு கால் போன பிளாஸ்டிக் நாற்காலியையும் ஒரு முருங்கைக் கிளையையும் செருகி வைத்திருந்தோம், வண்டிக்காரர்கள் பார்த்துப் போகட்டும் என்று. அக்கா நேராக வாரிய டெப்போவுக்கே பேசினார், சாயங்காலத்துக்குள் புது மூடி வந்துவிட்டது. இப்படிப் பழகின ஆளை அனுப்பிவிட்டு இன்னொருவரை முதலிலிருந்து பழக்குவானேன்?

ரெட்டேரி ரவுண்டானா:
பழகிவிட்டார் என்பதுதானே எனக்குப் பயமே. முதல் இரண்டு வருடத்தில் எந்தத் துறையில் யார் என்று தெரிந்துகொண்டார் என்றால், எந்த வேலையில் எவ்வளவு வரும் என்பதையும் தெரிந்துகொண்டிருப்பார். எங்கள் வீட்டில் மாடி எடுக்கும்போது வாசலில் ஒரு லோடு ஜல்லி இறங்கியதுதான் தாமதம், மறுநாள் காலையில் இரண்டு பேர் பைக்கில் வந்து 'அண்ணனைப் பார்த்துட்டீங்களா' என்று கேட்டார்கள். அண்ணன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சென்னையில் வீடு கட்டிய எல்லோருக்கும் ஒரு அண்ணன் உண்டு.

கவுன்சிலருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். ஐந்து வருடம் முழுக்கக் கொடுத்திருந்தாலும் ஆறு லட்சம். அதற்காகவா ஒரு மனிதர் வீட்டை அடகு வைத்துத் தேர்தலில் நிற்கிறார்? ஒரு முறை நின்றது போதும், வேறு ஒருவருக்கு வழி விடட்டும். அதிபர் பதவிக்கே பல நாடுகளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
சின்னத் தகவல். 2022 தேர்தலில் சென்னை வார்டு வேட்பாளர் செலவு செய்ய அனுமதிக்கப்பட்ட தொகை 90,000 ரூபாய். எங்கள் பக்கத்தில் பிரியாணிக்கே அது போதாது.

பூத் ஏஜென்ட்:
தம்பிகளா, ரெண்டு பேரும் ஏதோ ஓட்டுப் போடுகிறவன்தான் முடிவு செய்கிறான் என்பது போலப் பேசுகிறீர்கள். நான் 1996 தேர்தலிலிருந்து பூத்தில் உட்காருகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கவுன்சிலர் மறுபடியும் ஜெயிக்க வேண்டுமென்றால் மூன்று இடத்தில் தேற வேண்டும். முதலில் அரசிதழ். அவர் வார்டு பொதுவா, பெண்களுக்கா, பட்டியல் சாதியினருக்கா, பட்டியல் சாதிப் பெண்களுக்கா என்று அது சொல்லும். அதுவரை யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை, வார்டு எல்லையையே மாற்றினாலும் மாற்றுவார்கள். இரண்டாவது கட்சியின் மாவட்டச் செயலாளர். வார்டில் கட்சியைப் பார்த்துக்கொள்கிற வட்டச் செயலாளருக்கும் கவுன்சிலருக்கும் ஆகவில்லையென்றால் பட்டியலில் பெயர் வராது, அவர் தெருவுக்குத் தெரு தங்கச் சாலையே போட்டிருந்தாலும் வராது. மூன்றாவதாகத்தான் நீங்களும் நானும். அதிலும் 2022-ல் சென்னையில் ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை, மாநிலத்திலேயே கடைசி நாம்தான்.

அந்தத் தேர்தலில் 200 வார்டில் திமுக மட்டும் 153. அதிமுக 15, காங்கிரஸ் 13. இதில் எத்தனை வார்டில் ஆளைப் பார்த்து விழுந்த ஓட்டு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சின்னத்துக்குத்தான் விழுந்தது. உங்கள் மேன்ஹோல் மூடி எல்லாம் அந்தக் கணக்கில் வராது.

வார்டுவாசி:
அண்ணே, வராது என்பதுதான் என் வருத்தமும். ஆனால் அதற்காக 'ஒரு முறைதான்' என்று சட்டம் போட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகுமே. மறுபடியும் இதே தெருவுக்கு வந்து கை கூப்ப வேண்டும் என்கிற பயம் ஒன்றுதான் கவுன்சிலர் மேல் நமக்கு இருக்கிற பிடி. மூன்றாவது வருடமே 'எப்படியும் இனி நிற்க முடியாது' என்று தெரிந்துவிட்டால் போனை ஏன் எடுக்க வேண்டும்? ரெட்டேரி நண்பர் சொல்கிற வசூல், திரும்பி வராதவரிடம் கூடுமா குறையுமா? கடைசி வருடத்தில் அள்ளிக்கொண்டு போகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

கவுன்சிலரே இல்லாத காலத்தையும் பார்த்தோமே. 2016 அக்டோபரில் முந்தைய மாமன்றம் முடிந்தது, அப்புறம் 2022 வரை தனி அலுவலர் ஆட்சி. மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குப் போன் போடுவோம், புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும், இரண்டு நாளில் 'சரிசெய்யப்பட்டது' என்றும் வரும், தெருவில் குப்பை அப்படியே கிடக்கும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பூத் ஏஜென்ட்:
ஐந்தரை வருடத்துக்கே இப்படி அலுத்துக்கொள்கிறீர்கள். 1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் என்று மாமன்றத்தைக் கலைத்தார்கள், அடுத்த தேர்தல் 1996-ல். ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்தது.

ரெட்டேரி ரவுண்டானா:
அண்ணே, அதைத்தான் நானும் எடுத்துக் காட்ட நினைத்தேன். வேலைக்கே வராத ஆட்கள் பெயரில் கூலி எழுதின கதை அது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இருந்தபோது நடந்ததுதானே? மறுபடியும் நிற்க வேண்டும் என்ற பயம் அப்போது எங்கே போனது?

பிடி, பயம் என்பதெல்லாம் ஓட்டுப் போடுகிறவன் கணக்குக் கேட்டால்தான். வார்டில் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசப் பகுதி சபை என்று 2022-ல் விதி கொண்டுவந்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். வார்டுவாசி, உங்கள் பகுதியில் கூடியதா? நீங்கள் போனீர்களா? கூட்டம் எங்கே என்று யாருக்காவது தெரிந்ததா?

வார்டுவாசி:
கூடியது. நான் போனதும் உண்டு. சமூக நலக் கூடத்தில் முப்பது நாற்காலி, பாதி கட்சிக்காரர்கள், மீதி மூத்த குடிமக்கள். ஒரு பெரியவர் தெருநாய் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார்.

மாட்டுங்கா மாமி:
நான் மும்பையிலிருந்து எழுதுகிறேன், உங்கள் சண்டையில் நுழையலாமா தெரியவில்லை. ஆனால் நீங்கள் 'ஒரு முறைதான் என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்' என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், நாங்கள் கிட்டத்தட்ட அதிலேயே வாழ்கிறோம். இங்கே 227 வார்டு. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் எந்த வார்டு பெண்களுக்கு, எது யாருக்கு என்று குலுக்கல் போடுவார்கள். குலுக்கல் அன்றைக்கு எத்தனை பேருடைய ஐந்து வருட உழைப்பு போகும் தெரியுமா? நன்றாக வேலை செய்த ஆண் கவுன்சிலர் வார்டு பெண்கள் வார்டாகிவிடும், உடனே மனைவியை இறக்குவார் அல்லது பக்கத்து வார்டுக்குத் தாவுவார். தாவிப் போன இடத்தில் அங்கே உழைத்தவருக்கு இடம் போகும். 2017 தேர்தலில் வந்த மாமன்றம் 2022 மார்ச்சில் முடிந்து, அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில் நடந்தது. நடுவில் நான்கு வருடம் ஒருவரும் இல்லை. அப்போது எங்கள் கட்டடத்தில் எல்லோரும் 'முன்னாள்' வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினோம், பதவி இல்லாவிட்டாலும் வார்டு ஆபீசில் அவர் முகத்துக்கு ஒரு மரியாதை இருந்தது.

ஆனால் சுழற்சி வெறும் கெடுதல் என்றும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் மாநகராட்சித் தேர்தல்களை வைத்து ரிகில் பவ்நானி என்பவர் 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். 1997-ல் பெண்களுக்கு ஒதுக்கி, 2002-ல் பொதுவாக்கப்பட்ட வார்டுகளில், ஒதுக்கீடே இல்லாமல் இருந்த வார்டுகளைவிட ஒரு பெண் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. ஒதுக்கீடு போன பிறகும் அவர்கள் நின்றார்கள், ஜெயித்தார்கள். அந்த அக்காவுக்கு இது நல்ல செய்தி இல்லையா?

கணக்குப்பிள்ளை:
மாமி, ஐந்து மடங்கு என்றதும் எல்லோரும் குதித்துவிடக் கூடாது. அடிப்படை எண் ரொம்பச் சின்னது. ஐந்து மடங்கு ஆன பிறகும் அந்த வார்டுகளில் சுமார் ஐந்தில் ஒன்றில்தான் பெண் ஜெயித்தார். மீதியெல்லாம் ஆண்களிடம் திரும்பிவிட்டது.

மாட்டுங்கா மாமி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்தில் ஒன்றும் எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே ஒரு முறை இருந்தவர்கள் மறுபடியும் நின்றதும் அதற்கு ஒரு காரணம். 'ஒரு முறை போதும், கிளம்பு' என்று ரெட்டேரி தம்பி சொன்னால் முதலில் கிளம்புவது யார்? பின்னால் பணமும் சாதிச் சங்கமும் இல்லாத பெண்தான். அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது, அண்ணன் வட்டச் செயலாளராக அங்கேயே இருப்பார்.

ரெட்டேரி ரவுண்டானா:
மாமி, அந்த ஒரு இடத்தில் மடக்கிவிட்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கே பாதி வார்டு பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்தாயிற்று. எப்படியும் பெண்கள் வருவார்கள். ஆனால் வந்த பிறகு போனை எடுப்பது யார்? வார்டுவாசி மனதைத் தொட்டுச் சொல்லட்டும், கவுன்சிலர் நம்பருக்கு அடித்தால் எடுப்பது அக்காவா, அக்கா வீட்டுக்காரரா? மாமன்றத்துக்குப் போவது அக்கா, ஏரியாவில் பஞ்சாயத்து பேசுவது மச்சான் என்றால், இன்னொரு ஐந்து வருடம் கொடுப்பது யாருக்கு?

வார்டுவாசி:
முதல் வருடம் வீட்டுக்காரர்தான் எடுத்தார். ஆபீசில் நடு நாற்காலியிலும் அவர்தான் உட்கார்ந்திருப்பார். அக்கா பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது வருடம் வாக்கில் பார்த்தால் வீட்டுக்காரர் இல்லை, நடு நாற்காலியில் அக்கா. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மிக்ஜாம் வெள்ளத்தின்போது, 2023 டிசம்பரில், இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட் மூட்டையோடு வந்தது அக்காதான், வீட்டுக்காரரை நாங்கள் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு யாரும் 'அண்ணனைப் பாருங்க' என்று சொல்வதில்லை. அக்கா வேலைக்கு வந்து சேர்ந்ததே அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன். சரியாக அந்த நேரத்தில் 'உன் காலம் முடிந்தது' என்றால் எப்படி?

பூத் ஏஜென்ட்:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரரை நாற்காலியிலிருந்து எழுப்பினவர்களுக்குக் கட்சியில் எவ்வளவு பேர் எதிரி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வார்டு பொதுவானால் சீட் அந்த அம்மாவுக்கு வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்த முறை பார்க்கலாம், இப்போது மகளிரணியில் ஒரு பொறுப்பு' என்று சால்வை போட்டு அனுப்புவார்கள். சுயேச்சையாக நிற்கச் சொல்வீர்களா? 2022-ல் 200 பேரில் சுயேச்சையாக ஜெயித்தது 5 பேர்.

மேயராகவே இரண்டாம் முறை ஜெயித்தவருக்கு இந்த ஊரில் என்ன ஆனது? ஸ்டாலின் 1996-ல் நேரடித் தேர்தலில் வந்தார், 2001-ல் மறுபடியும் ஜெயித்தார். ஒருவரே மேயர், எம்.எல்.ஏ. என்று இரண்டு பதவியில் இருக்கக் கூடாது என்று அடுத்த வருடம் சட்டத் திருத்தம், வழக்கு, அதோடு மேயர் பதவி போனது. அது சரியா தப்பா என்று இங்கே ஆரம்பிக்காதீர்கள், இருநூறு பதில் வரும். மக்கள் மறுபடியும் ஓட்டுப் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

ரெட்டேரி ரவுண்டானா:
பூத் அண்ணன் பேசப் பேச என் பக்கம்தான் வலுக்கிறது. சீட்டைத் தீர்மானிப்பது கட்சி என்றால், மறுபடியும் நிற்க நினைக்கிற கவுன்சிலர் ஐந்து வருடமும் யாரைக் குளிர வைப்பார்? உங்களையா, மாவட்டச் செயலாளரையா? வார்டுவாசி சொல்கிற பயம் இருக்கிறது, ஆனால் அது நம்மைப் பார்த்து இல்லை.

வார்டுவாசி:
அப்படியென்றால் குற்றம் சீட் கொடுக்கிற முறையில். அதற்கு நிற்கிறவரை ஏன் தடுக்க வேண்டும்? கட்சிகள் வார்டு உறுப்பினர்களிடம் ஓட்டெடுத்து வேட்பாளரைப் போடட்டும். சுழற்சியை ஒரே தேர்தலில் மாற்றாமல் இரண்டு தேர்தலுக்கு ஒரு முறை என்று எழுதி வைக்கட்டும். ஒதுக்கீட்டு இடங்களை 'சுழற்சி முறையில் ஒதுக்கலாம்' என்றுதானே அரசியலமைப்பு சொல்கிறது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்று சொல்லவில்லையே. அரசிதழும் கடைசி நேரத்தில் வராமல் ஒரு வருடம் முன்னாடியே வந்தால் யார் நிற்கப் போகிறார் என்று நமக்கும் தெரியும், கேள்வி கேட்க அவகாசம் இருக்கும்.

பூத் ஏஜென்ட்:
கட்சிக்குள் ஓட்டெடுப்பா! தம்பிக்கு வயது என்ன?

மாட்டுங்கா மாமி:
சிரிக்காதீர்கள் சார். ஒரு வருடம் முன்னாடி அறிவிப்பு என்பதாவது நடக்கிற காரியம்தான். எங்கள் குலுக்கல் 2025 நவம்பரில், ஓட்டு 2026 ஜனவரியில். இரண்டே மாதத்தில் புது வார்டில் போய் நின்றவர் அந்த வார்டுக்கு என்ன கணக்குக் காட்டுவார்?

ரெட்டேரி ரவுண்டானா:
அதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் அக்காவுக்கு ஓட்டு என்பதற்கு இன்னும் இல்லை. ஒன்று செய்யுங்கள் வார்டுவாசி, அவர் அடுத்த தடவை வீட்டு வாசலுக்கு வரும்போது வார்டு மேம்பாட்டு நிதியில் வருடவாரியாக என்ன வேலை, எந்தத் தெரு, எவ்வளவு ரூபாய் என்று ஒரு பட்டியல் கேளுங்கள். வருடத்துக்கு 35 லட்சமாக இருந்தது 60 லட்சம் வரை ஏறியிருக்கிறது, சின்னப் பணமில்லை. கொடுத்தால் இங்கே போடுங்கள், பேசலாம்.

வார்டுவாசி:
கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வருகிறார்.

ரெட்டேரி ரவுண்டானா:
யார் காண்ட்ராக்டர் என்ற பத்தியும் சேர்த்து வாங்குங்கள்.